ம. சாட்சி சொல்லும் நாள்

அக். 3, வெள்ளி

மூடாப்பு. புழுக்கம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் பஸ். பக்கத்து சீட்டுக்காரம்மா என்ன வேலை என்று கேட்டார்.

"கோர்ட்டுக்கு வர்ற புள்ளைங்க கூடப் போறதுங்க."

"வக்கீலா?"

"இல்லம்மா. சும்மா கூட உக்கார்றது."

"அதுக்கெல்லாமா ஆள் வெக்கிறாங்க?"

வைக்கிறார்கள். ஆதரவு நபர் என்று பெயர்.

ம. வீடு. (பெயர் வேண்டாம். சட்டப்படி வெளியே சொல்லக் கூடாது, இங்கேயும் கை வரவில்லை.) எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளி கிளார்க் மேல் போக்சோ கேஸ். ஆள் உள்ளே. திங்கட்கிழமை இவள் சாட்சியம்.

அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "ஸ்கூல்லேர்ந்து ஆள் வந்துச்சுங்க மேடம். பேசி முடிச்சிக்கலாம்னு."

"இதுல பேசி முடிக்கவே முடியாதுங்க."

எத்தனை வீட்டில் சொன்ன வாக்கியம். குரலில் உப்புச்சப்பு இல்லை.

"திங்கக்கெழமையோட விட்டுடுவாங்கல்ல? அப்புறம் பெங்களூர்ல தங்கச்சி வீட்டுல சேத்துடலாம்னு. புது ஸ்கூல்."

ஒரே நாள்தான் என்றேன். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அக். 5, ஞாயிறு

பால். சோப்பு. குடைக்குக் கம்பி. மூன்றுமே மறந்தாயிற்று. இடுப்பு வலி.

ம. போன் செய்தாள்.

"அவரு என்னப் பாப்பாரா?"

"மாட்டாரு. நடுவுல திரை போடுவாங்க."

"அழுதுட்டா?"

"அழு. ஜட்ஜம்மா வெயிட் பண்ணுவாங்க."

"என்ன சொல்லணும்?"

"நடந்ததச் சொல்லு." அதற்கு மேல் நான் சொல்லித் தரக் கூடாது.

"மஞ்ச சுடி போட்டுக்கவா?"

போட்டுக்கொள்ளட்டும்.

அக். 6, திங்கள்

பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் ம.வும் கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே வந்தார்கள். மஞ்சள் சுடிதார், காலெல்லாம் சேறு. காலையிலிருந்து பெஞ்சில் காத்திருப்பு. பாத்ரூம் வந்துவிடும் என்று ம. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் அரசு வக்கீலம்மா வந்தார்.

"ஜெயில்லேர்ந்து அவனக் கூட்டிட்டு வரல. எஸ்கார்ட் போலீசெல்லாம் கிரிவல பந்தோபஸ்துல. அடுத்த மாசம் போட்டிருக்காங்க."

அவனை ஜெயிலிலிருந்தே வீடியோவில் காட்டக் கூடாதா என்றேன். லைன் கிடைக்கவில்லையாம். தேதி போட்டபோதே பௌர்ணமி என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கும்.

வக்கீலம்மா குனிந்து ம. கன்னத்தைத் தட்டினார். "எதையும் மறந்துடாத கண்ணு." நல்ல மனுஷி. அவருக்கும் முகம் வாடிப்போயிருந்தது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பு. அதுதான் பயமாக இருக்கிறது. "ஒரே நாள்னு சொன்னீங்களே" என்று அம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

மெயின் ரோடு வரை ம. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கவுன்சிலிங் மேடம் மறந்துடலாம்னு சொன்னாங்க. நானும் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டுத்தான் இருந்தேன். இப்போ அடுத்த மாசம் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கணுமா?"

"ஆமாடா" என்றேன்.