உம்மாவின் தலை இருந்த மடி

அட்டாளைச்சேனை

அன்புத் தங்கச்சி நஸ்லினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். தெஹிவளையில் உன் முழங்கால் வலி குறைய துஆச் செய்கிறேன். போனில் எடுத்தால் நீ இடையில் புகுந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மூரில் நடக்கப்போகும் உன் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழும் கவிதைப் புத்தகமும் கிடைத்தன. நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். நீ படித்து முடித்து எறிந்த பாடப்புத்தகங்களில் எழுத்துக்கூட்டிப் பழகியவள். ஆனாலும் நீ உடைத்து உடைத்துப் போட்ட வரிகள் எனக்கு விளங்குகின்றன. எதுகை இல்லை, மோனை இல்லை. இருந்தும் நெஞ்சில் தைக்கின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உயிர் போகும்போது உம்மாவின் தலை உன் மடியில் இருந்ததாக எழுதியிருக்கிறாய். நேற்று மீராசாவின் பெண்சாதி வேலியடியில் நின்று கேட்கிறாள்: "ராத்தா, உம்மா மௌத்தாகக்குள்ள நஸ்லின்ட மடியிலயாம். நீங்க அப்ப எங்க போயிருந்தீங்க?"

நான் எங்கே போவேன்? படுக்கையில் கிடந்த காலமெல்லாம் உம்மாவைக் கழுவித் துடைத்தவள் நான். வெள்ளத்தில் பாதை மூடி, நீ வந்து சேரும்போது ஜனாஸாவை அடக்கி முடித்திருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்காத வேதனையில் எழுதியிருப்பாய் என்கிறான் என் மகன் றிஸ்மி. கவிதையில் வரும் 'நான்' எழுதியவரே இல்லையாம். இருக்கட்டும். ஊருக்கு அது நீதான்.

இதை உனக்குச் சொல்லக்கூடாதென்றே இருந்தேன். என் மடியில் கிடந்தபடி உம்மா கடைசியாகக் கேட்டது உன்னைத்தான். "நஸ்லின் வாறாளா? வாசலப் பாரு புள்ள" என்றார். இருந்தபடியே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினேன். மூச்சு நின்றிருந்தது. உனக்காக வாசலைப் பார்த்ததில் அந்தக் கடைசி நொடி எனக்கும் இல்லாமல் போய்விட்டது.

விழாவுக்கு முதல்நாளே வந்து என் வீட்டில் தங்கு. உனக்குப் பிடித்த கணவாய்க் கறி ஆக்குகிறேன். மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பேன். மற்றக் கவிதைகளையெல்லாம் வாசி, கைதட்டுவேன். அதை மட்டும் வாசித்தால் எழும்பிப் போய்விடுவேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

அல்லாஹ் உன் பேனைக்கு பரக்கத் செய்யட்டும். உம்மா உன்னைக் கூப்பிட்ட குரலை நீ எடுத்துக்கொள் தங்கச்சி. மடியை எனக்கு விட்டுவிடு.

உன் ராத்தா
சுபைறா