சந்தனம் வைத்த பல்பு

செம்மநத்தம்

அன்பு மகன் சக்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி மேனகா மூவரும், அவள் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நால்வரும், சுகமாக இருக்கிறோம். அந்த மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் மலைச்சாமி சேர்வராயன் துணையிருப்பான். விக்னேஷ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், மேனகா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், சொல்ல நினைப்பது ஒன்றையும் சொல்ல முடிவதில்லை.

மிளகு இந்த வருசம் பரவாயில்லை, காப்பிப் பழம் எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மேனகாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வலி கண்டால் தாமதிக்காமல் சேலத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வலி பகலில்தான் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தது? பனி இறங்கிவிட்டால் நம் ஊர் ரோட்டில் முன்னே போகும் மாடு தெரியாது, அதைத் தாண்டினால் மலையிறக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. நம்மிடம் இருப்பது நீ விட்டுப்போன பழைய கார் ஒன்றுதான், அதன் ஹெட்லைட்டோ கொஞ்ச நாளாக மங்கிக்கொண்டே வந்தது.

பல்பு மாற்றும் விதத்தை நீ போனில் சொன்னாயே, அதன்படியே செய்தேன். பானெட்டைத் தூக்கி, ஒயர் சொருகியைப் பிடுங்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அமுக்கிப் பழையதை எடுத்தேன். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, விரல் பிசுக்கு ஒட்டிய இடம் சூட்டில் வெடித்துவிடும் என்று நீ பயமுறுத்தியிருந்ததால், சலவை வேட்டி ஒன்றைக் கிழித்து அதிலேயே பிடித்துப் பல்பு இரண்டையும் தட்டில் எடுத்து வைத்தேன். கை கழுவி வருவதற்குள் உன் அம்மா இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். கேட்டால், ஏனுங்க, புள்ளைய ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்குப் புதுச் சாமான் போடறப்ப பொட்டு வெக்காமப் போடுவாங்களா என்கிறாள். விரலைத்தானே சக்தி வேண்டாம் என்றான், சந்தனத்தைச் சொல்லவில்லையே என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். சேர்வராயன் பேரைச் சொல்லி வைத்ததை எந்தக் கையால் துடைப்பது? அப்படியே மாட்டிவிட்டேன்.

போன வாரம் மேனகாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது சாயங்காலமே பனி மூடிவிட்டது. லைட்டைப் போட்டேன். மலை ஏற ஏற சந்தன வாசம் வந்தது. பின் சீட்டில் உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சேர்வராயனே நம்மகூட வர்றாருங்க என்றாள். வாசம் கருகல் நாற்றமாகி, பட்டென்று ஒரு பல்பு வெடித்தது. மற்றது கரிபிடித்து மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிட்டது. ரோடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. நான் எறங்கி போன் லைட்டைக் காட்டிக்கிட்டு முன்னால நடக்கறேனுங்கப்பா என்று மேனகா கதவைத் திறந்தாள். இருந்த பயத்தையெல்லாம் சேர்த்து அவள்மேல் கத்திவிட்டேன், அவள் அழுதுவிட்டாள். நல்லவேளை, எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற ராஜ்குமார் பின்னால் வந்தான். எங்களை முந்திப்போய், தன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வரச்சொல்லி, ஆமை வேகத்தில் வீடுவரை கொண்டுவந்து சேர்த்தான்.

மறுநாளே வேறு பல்பு வாங்கி மாட்டினேன். இந்த முறை பொட்டு பானெட்டின் மேலே மட்டும்தான், அம்மாவும் ஒத்துக்கொண்டாள். மஞ்சளடித்துக் கிடந்த ஹெட்லைட் கண்ணாடியையும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். பொழுது சாய்ந்ததும் போட்டுப் பார்த்தால் அதே மங்கல். ராஜ்குமாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். புது வண்டியாட்டம் எரியுதுங்க மாமா, அந்தா வளைவுல நிக்கற சில்வர் ஓக் மரம் வரைக்கும் தெரியுது என்றான். மேனகாவும் தெரிகிறது என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு மரம் தெரியவில்லை கண்ணு. எதிரே வண்டி வந்தால் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, பகலில் ஒன்றுமில்லை. சந்தனம் பட்டதைத் தவிர பல்பெல்லாம் நன்றாகத்தான் எரிந்திருக்கிறது, நான் முதலில் கழற்றிப் போட்ட பழையதும் சேர்த்து.

ராஜ்குமாரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் அவசரத்துக்கு அவன் எந்த எஸ்டேட்டில் நிற்பானோ. அதனால் நீ ஒன்று செய். அடுத்த மாதம் பிறந்ததும் மேனகாவைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் பெரியம்மா வீட்டில் போய் இருக்கும்படி அம்மாவிடம் சொல். நான் சொன்னால், தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாந்த புள்ளைய அடுத்தவங்க ஊட்ல உடறதா என்று சண்டைக்கு வருவாள். நீ சொன்னால் கேட்பாள். உன் யோசனையாகவே சொல், என் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது சக்தி. அந்த வளைவில் அவளை வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது. பிரசவம் முடிந்ததும் நானே கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பேரப்பிள்ளையின் முகத்தை மங்கலாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. இவ்வளவு நேரமாக என்னத்த எழுதறீங்க என்று உன் அம்மா இப்போதுதான் கேட்டுவிட்டுப் போனாள். லைட்டு இன்னும் சரியில்லை, நல்ல பல்பாக வாங்கிவரச் சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் வரும்போது மறக்காமல் இரண்டு பல்பு வாங்கி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
அங்கப்பன்