லாரி ஸ்பேனரோடு மாடிக்குப் போகாதே

அண்ணா,

காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது சோலார் தகடு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. நேற்று நான் தகடுகளைப் பிடிக்கிற கிளாம்புகளை முடுக்கிவிட்டு இறங்கிய பிறகு, நீ லாரிச் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரோடு மேலே போனாயாம். அண்ணியே சொன்னார். "பொம்பளப் புள்ள கை, லூசாத்தான் இருக்கும்" என்றாயாமே. எவ்வளவு முடுக்க வேண்டும் என்று நான்கு வருடம் படித்த கை அது.

இந்தத் தகட்டைச் சுற்றிலும் சட்டம் கிடையாது, வெறும் கண்ணாடி. கிளாம்ப் அதைப் பிடித்தால் போதும், கழுத்தை நெரிக்கக் கூடாது.

விரிசல் விட்டதை வயர் கழற்றிப் போர்வையால் மூடியிருக்கிறேன். தொடாதே. மற்ற ஏழு தகடுகளையும் இன்று நீதான் சரிசெய்கிறாய். மேஜை மேல் டார்க் ரெஞ்ச், அளவாக முடுக்குகிற ஸ்பேனர், இருக்கிறது; எவ்வளவு முடுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்துவிட்டேன். ஒவ்வொரு கிளாம்பாகத் தளர்த்தி, உள்ளே கண்ணாடிக்கு மெத்தையாக இருக்கிற ரப்பர் நகராமல் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப முடுக்கு. அளவு வந்து "டிக்" என்றதும் கையை எடு. எல்லாவற்றையும் மொத்தமாகத் தளர்த்தினாயோ, கண்ணாடியைத் தெருவில்தான் பொறுக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் என்னைவிட நன்றாகச் செய்வாய். அதுதான் எனக்கு எரிச்சல்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஏறு.

பி.கு: நான்கு மணிக்கு மீட்டர் மாட்ட ஆள் வருவார். தகடு யார் பூட்டியது என்று கேட்டால், "நான்தான், அவ ஏணியப் பிடிச்சா" என்று பக்கத்து வீட்டில் அளந்ததை அவரிடமும் அளக்காதே. தங்கச்சி என்று சொல்.

ஏழு தகடுகளையும் ஒழுங்காக முடித்திருந்தால் மட்டும், "ரெண்டு பேரும்" என்று சொல்லிக்கொள். அதில் பொய் இல்லை.