மீன் தராசில் அளந்த பெல்ட்

அன்பு மகள் மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முட்டி வலிகூட இந்த வாரம் விடுப்பில் போயிருக்கிறது. அங்கே மொன்டானாவில் நீயும் மாப்பிள்ளையும் கல்யாண அலைச்சலில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் நலமாக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு விமானத்தில் வா என்று நீ சொன்னாய், பைக்கில்தான் வருவேன் என்று நான் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகியவள் ஆயிரத்து இருநூறு மைல் தனியாகப் போவதா என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் உதறல், அதைச் சொல்ல வாய் வராமல் போன மாதம் உன் வண்டியை நானே சரிபார்த்துத் தருகிறேன் என்று கொட்டகைக்குள் போனார். அன்றிலிருந்து, என் வண்டியில் செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் பெல்ட் ஒரே கிறீச். "இந்தச் சத்தத்தோட எங்க போறது ஆர்டிஸ், பேசாம டிக்கெட் எடு" என்று அவருக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. கடைசியில், சர்ச்சில் பைக்குகளை ஆசீர்வதிக்கும் ஞாயிறன்று பெல்ட் கத்தினால் விமானம், கத்தாவிட்டால் பைக் என்று பேசி முடித்தோம்.

வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தால் விஷயம் வெளிச்சம். முப்பது வருடம் வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர் இல்லையா, பெல்ட்டைப் பிடில் தந்தி மாதிரி முறுக்கி, செயினுக்கு விடுவதுபோல எண்ணெயும் விட்டிருக்கிறார். இதற்கு எண்ணெயே ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன், வண்டி ஆறியிருக்கும்போது அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகையும் கால் சுற்று கால் சுற்றாக ஒரே அளவில் தளர்த்தினேன். இழுத்துப் பார்க்கும் கருவி ஏது நம்மிடம், தூண்டிலில் பிடித்த மீனைக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் அப்பாவின் மீன் தராசைப் பெல்ட்டின் கீழ்ப்பக்கம் நடுவில் மாட்டிப் பத்து பவுண்டு காட்டும்வரை இழுத்தேன், புத்தகத்தில் சொன்ன அளவுக்குத்தான் தாழ்ந்தது. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி நாலு இடத்தில் பார்த்துவிட்டு நட்டை முடுக்கினேன்.

ஞாயிறன்று நாற்பது வண்டி. போதகர் அம்மா பைன் கிளையால் தண்ணீர் தெளிக்க, வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் ஊர்ந்து போக, உன் அப்பா என் பின்சக்கரத்தோடு குனிந்தபடியே நடக்கிறார். "வெர்லின் அண்ணே, ஆசீர்வாதம் உங்களுக்கா பெல்ட்டுக்கா" என்று கேட்டுப் போதகர் அம்மா அப்பா தலையிலும் தெளித்தார். பெல்ட் மூச்சு விடவில்லை. மகளே, எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போது தட்டைப் பார்த்தபடியே, "பாதி வழியில பெல்ட் கழண்டு நீ விழுந்துடக் கூடாதுன்னுதான் அப்படி இறுக்கினேன்" என்றார். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு ஹெல்மெட்டோடு வந்தார், யாருக்கு என்றேன். "பெல்ட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா" என்கிறார்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நிறைவாக வாழ எங்கள் ஆசி. கல்யாண உடுப்பில் தைத்த இடம் இறுக்கமாக இருந்தால் இப்போதே சொல்லிப் பிரித்துக்கொள். ஜூன் பன்னிரண்டு மாலை வாசல் கதவைத் திறந்து வை. பெல்ட் கத்தாது, பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கத்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என்றும் உன் அம்மா,
ஆர்டிஸ்