மனுவோடு போன பொன்னாடை

மாப்ள,

நேற்றுச் சாயங்காலம் காளவாசல் கடையில் பொன்னாடை வாங்கினேன். உறையைப் பிரித்ததும் கஞ்சிப்பசையும் சாயமும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியது. எங்கள் சௌராஷ்டிர வீட்டில் பெரியவர்கள் துணியை முகர்ந்தே தரம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த வித்தை வராது. அந்த நெடி வந்தால் எனக்கு நீதான் வருகிறாய்.

இன்று காலை எனக்கு வைவா, பட்டத்துக்கு முந்தின கடைசி வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டைப் பற்றிக் கேள்வி கேட்க வந்த வெளியூர்ப் பேராசிரியருக்கு, நெறியாளருக்கு, துறைத்தலைவருக்கு என்று ஆளுக்கொரு பொன்னாடை. மதியம் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி. எந்த விதியிலும் இது எழுதியிருக்கவில்லை. ஆனால் இது இல்லாமல் நம் வளாகத்தில் ஒரு வைவாவும் நடந்ததில்லை. தேறினவன் பந்தி போடுவது ஒரு பக்கம், பந்தி போடுகிறவன்தான் தேறுவான் போலிருக்கிறதே என்று நீ கேலி செய்வாய்.

நீ டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் பருத்தி போடும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பருத்தியைத் தின்னும் பூச்சியைப் பற்றியே ஆராய்ச்சி செய்தாய். எழுதி முடித்து நெறியாளர் மேசையில் வைத்தாய். ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் போனது. அவர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அதுவரை பிழைக்க வேண்டுமே. காலையில் ஒரு கல்லூரி, மாலையில் ஒரு கல்லூரி என்று கௌரவ விரிவுரையாளராக ஓடினாய். பெயரில்தான் கௌரவம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது.

"பட்டம் வந்தாத்தான்டா வேல. வேல வந்தாத்தான் ஊருக்குள்ள நிமிந்து நடக்க முடியும்" என்பாய். விடுதியில் பாதிப் பேருக்கு அதே கதைதான். நீ ஒவ்வொரு அறையாகப் போய் ஆள் திரட்டினாய். ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் படித்தாக வேண்டும், கோடையிலும் சம்பளம் வேண்டும், வைவாவில் பந்தியும் பொன்னாடையும் கூடாது என்று மனு எழுதினோம். பொன்னாடை கூடாது என்ற அந்தக் கடைசி வரியை நீயே ரசித்து ரசித்து எழுதினாய். கோரிக்கை நிறைவேறாவிட்டால் எல்லாத் துறைகளும் சேர்ந்து வளாக வாயிலில் தர்ணா உட்காருவது என்று பேச்சு.

மனுவைக் கொடுக்கப் பல்கலைக்கழக அதிகாரியைப் பார்க்கப் போன அன்று, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு துணிப்பையுமாக வந்தாய். பைக்குள் எட்டிப் பார்த்தேன். பொன்னாடை. மனுவில் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குடா. அதுக்காக ஒரு பெரிய மனுசர மொதத் தடவ பாக்கப் போகையில வெறுங்கைய வீசிக்கிட்டா போறது? எங்க வீட்ல கேட்டாகன்னா காறித் துப்பிருவாக."

எல்லோரும் உன் பின்னால் நடந்தோம். நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தானே.

அதிகாரி சிரித்தபடி கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். நீ இரண்டு கையாலும் பதமாகப் போர்த்தினாய். யாரோ படம் எடுத்தார்கள். மனுவை அவர் பிரிக்காமலே உதவியாளரிடம் நீட்டினார். மறுநாள் பேப்பரில் நடுநாயகமாக நீ, பல்லெல்லாம் தெரிய. கோரிக்கைகளை ஏற்ற அதிகாரிக்கு ஆராய்ச்சி மாணவர்கள் நன்றி தெரிவித்தார்கள் என்று கீழே போட்டிருந்தது. உட்காருகிறோம் என்று சொன்ன மற்றத் துறைக்காரர்கள், உங்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது என்று கேட்டு வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று நாம் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அப்புறம் கூப்பிட்டால் வரவும் இல்லை.

"தவள வாயால கெட்டுச்சு, நாம கையால கெட்டோம்" என்றாய். அன்றைக்குச் சிரித்தோம்.

உன் நெறியாளரும் அந்தப் படத்தைப் பார்த்து, தன்மேல்தான் புகார் என்று நினைத்திருப்பார். உன் ஆய்வேடு மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. திருமங்கலம் ரோட்டில், காலைக் கல்லூரியிலிருந்து மாலைக் கல்லூரிக்குப் போகிற வழியில், லாரிக்காரன் உன் வண்டியில் மோதியபோதும் அது அலமாரியில்தான் இருந்தது.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். உன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருந்தது. பல்கலைக்கழகம் தராததை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தந்துவிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இன்று பந்திக்கு அந்த அதிகாரியும் வந்திருந்தார். இப்போது இன்னும் பெரிய பதவி. அவருக்கும் ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தேன். போர்த்தும்போது என்னை உற்றுப் பார்த்தார். உன்கூட ஒரு பையன் வருவானே, மரியாதை தெரிஞ்ச பையன், இப்ப எங்க இருக்கான் என்று கேட்டார். இறந்துவிட்டான் என்றேன். அடடா என்றார். இலையில் உட்கார்ந்த பிறகு, அன்றைக்கு என்ன கேட்டு வந்தீர்கள் என்றார். ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும் என்று கேட்டோம் என்றேன்.

"அம்புட்டுத்தானா? நியாயமாத்தானப்பா கேட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, தயிர் வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

மாப்ள, அவர் கெட்டவர்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி என் பெயருக்கு முன்னாலும் முனைவர் போடுவார்கள். எனக்கும் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் ஒரு கல்லூரிதான். அடுத்த வாரம் நமக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அதே மூன்று கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இல்லை. நீ இருந்தால் போவாய், அதனால் போகிறேன். யாரும் எதுவும் வாங்கி வரக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் முன்னால் போய் நிற்கும்போது இந்த இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, மாப்ள.