முட்டைக் கூடையில் ஒரு வேண்டுதல்

சான் இசித்ரோ, இலோய்லோ
29 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ஜோவிலின் எழுதுவது. ஜெயித்துவிட்டேன்! இந்த வருட மாவட்ட அழகி உன் தங்கைதான். மடத்துக்குள் டிவி கிடையாது, போன் கிடையாது, அதனால் ஊருக்கே தெரிந்த சேதி உனக்குத்தான் கடைசியில் வருகிறது. கிரீடம் இப்போது அம்மாவின் நூடுல்ஸ் கடையில், சூப் அண்டாவுக்கு மேலே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "எண்ணெய்க் கையோட தொடாதீங்கடா"ன்னு அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டே இருக்கிறாள்.

திறந்தவெளி மேடை, அக்கா. பக்கத்து ஊரில் கொட்டித் தீர்த்ததாம். எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. மழை வரக் கூடாது என்று அம்மா உங்கள் மடத்துக்கு முட்டை நேர்ந்து கொண்டுவந்து கொடுத்தது வீண்போகவில்லை என்று ஊரே பேசுகிறது.

போட்டியில் ஆளுக்கொரு சமூகப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பயிற்சி கொடுக்கும் மாமிதா டிவினாவிடம் கடல் ஆமைகளைக் காப்பாற்றப் போகிறேன் என்றேன். மாமிதாவுக்கு வந்ததே கோபம்! "ஆமையை ஏற்கெனவே ஒருத்தி பிடிச்சுட்டாடீ. மரத்தை இன்னொருத்தி நட்டுட்டா. மிச்சம் இருக்கிறது மனநலமும் தற்கொலைத் தடுப்பும்தான். எடுத்துக்கோ. ஆனா மேடையில அழுதே, மை வழிஞ்சா கொன்னுடுவேன்." எடுத்துக்கொண்டேன். இனி ஒரு வருடம் கிரீடமும் தோளில் பட்டையுமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேச வேண்டும்.

எனக்காக வேண்டிக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஜோவி


புனித கிளாரா மடம்
3 பிப்ரவரி 2024

என் செல்ல ஜோவிக்கு,

அமைதியும் நன்மையும் உன்னோடு இருப்பதாக.

உன் கடிதத்தைத் தாய்த்தலைவியே சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பேசக் கூடாத இடத்தில் கைதட்டல்! நீ ஜெயிப்பதற்காக நம் ஊரிலிருந்து வந்த முட்டைகளைக் காலையும் மதியமும் சாப்பிட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. அடுத்த முறை அழகிப் போட்டிக்கு யாராவது மாம்பழம் நேர்ந்துகொண்டால் நல்லது.

ஒரு சின்னக் குறை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. முட்டை கொண்டுவந்த அன்று கிராதிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், முகம் மெலிந்து போயிருந்தது. நம் ஆர்வின் போய் வருகிற மார்ச்சில் இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளையைத் தூக்கத்தில் அமுக்குப் பேயிடம் பறிகொடுத்தவளுக்கு இரண்டு வருடம் எம்மாத்திரம்?

நீ எடுத்திருக்கும் விஷயம் நல்லதுதான். ஆனால் கனமானது. நம் வீட்டில் யாருக்கும் அப்படிப்பட்ட துயரம் வந்ததில்லை, ஆகவே பட்டவர்களிடம் பேசும்போது தெரிந்தவள் மாதிரிப் பேசிவிடாதே. கேட்டுக்கொள்.

ஜெபங்களுடன்,
உன் அக்கா,
சகோதரி செராபினா (உனக்கு எப்போதும் மைலீன்தான்)


சான் இசித்ரோ
8 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. பள்ளிகளில் என் பேச்சு நன்றாகப் போகிறது. மனப்பாடமாகவே ஆகிவிட்டது. "உங்க கூட இருக்கிற ஒருத்தர் தூங்காம இருந்தா, திடீர்னு தன் சாமான்களை எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்தா, கண்டுக்காம போயிடாதீங்க. பக்கத்துல உட்காருங்க. செத்துப்போகணும்னு நினைக்கிறியான்னு நேராவே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க. வராது. கேட்காம விட்டாத்தான் ஆபத்து." இந்த இடத்தில் எப்போதும் கைதட்டுவார்கள்.

போன வாரம் ஒரு மாணவி எழுந்து நின்று, "உங்க வீட்ல யாராச்சும் அப்படிப் போயிருக்காங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே இல்லை என்றேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் இனி என்னால் முடியாது. ஆர்வினை எந்தப் பேயும் அமுக்கவில்லை, அக்கா. அவனாகவே போனான். நானும் அம்மாவும்தான் பார்த்தோம். நம் ஊரில், வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த பையன் காலையில் எழவில்லை என்றால் யாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அழுகிற கண்ணோடு என் வாயைப் பொத்தி, "அமுக்குப் பேய்னு சொல்லு. சாமியார் பூசை வைக்கமாட்டேன்னுட்டா என் புள்ளை எங்கடி போவான்? மைலீனுக்குத் தெரிஞ்சா மடத்துல அவ தலை நிமிர்ந்து நடப்பாளா?" என்றாள். சாமியார் எந்தக் கேள்வியும் கேட்கிறவர் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பொய் ஊரெல்லாம் பரவி எங்களுக்கே பழகிவிட்டது.

தினமும் முன்பின் தெரியாதவர்கள் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன். தூக்கம் குறைவுதான். வீட்டில் அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். போட்டிச் செருப்புகளைச் சித்தி மகள் லைகாவுக்குக் கொடுத்துவிட்டேன். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டேன், ஊர் ஊராகப் போகிறவளுக்கு நாய் எதற்கு? மனசு லேசாக இருக்கிறது.

என்னைத் திட்டாதே, அக்கா. எழுது.

ஜோவி


புனித கிளாரா மடம்
12 பிப்ரவரி 2024

ஜோவிக்கு,

அமைதியும் நன்மையும்.

என் தம்பி எப்படிச் செத்தான் என்று எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் அவனுக்காக ஜெபித்திருக்கிறேன். தூக்கத்திலே போனான், வலி தெரியாமல் போனான் என்று கடவுளுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். அம்மாவை மன்னித்துவிடுவேன், அவள் தாய். நீ? கிரீடத்தை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிப் பெண்ணிடம் இல்லை என்று சொன்னாயே, அது எந்த வாயால் வந்தது?

கொஞ்ச நாள் என்னை விட்டுவிடு. நாளை மறுநாள் சாம்பல் புதன். உயிர்ப்புப் பெருநாள் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இல்லை, வருவதைப் பிரிக்கவும் அனுமதி இல்லை என்று உனக்குத் தெரியும். ஒருவிதத்தில் அதுவும் நல்லதற்குத்தான். அதற்குள் என் கோபம் ஆறும்.

அம்மாவிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே.

செராபினா


9 மார்ச் 2024

புனித கிளாரா மடத்துச் சகோதரிகளுக்கு,

இந்த முட்டைகளோடு வைக்கும் வேண்டுதல்: வருகிற பதினாறாம் தேதி சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்க வேண்டும். அன்று ஒரு பெண் தன் பாரத்தை இறக்கி வைக்கப் போகிறாள். அவளுடைய அம்மாவுக்கு அதைத் தாங்கும் பலம் கிடைக்க வேண்டும். மடத்துக்குள் இருக்கும் அவளுடைய அக்காவின் கோபம் ஆற வேண்டும்.

பதில் தேவையில்லை. தவக்காலம் என்று தெரியும்.


புனித கிளாரா மடம்
9 மார்ச் 2024, மதியம்

ஜோவி, என் கண்ணே,

தவக்காலத்தில் எழுதுகிறேன். தாய்த்தலைவி அனுமதி கொடுத்துவிட்டார். கொடுத்திருக்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

வேண்டுதல் சீட்டுகள் மட்டும் தவக்காலத்திலும் நின்றுபோவதில்லை. இன்று மதிய ஜெபத்தில் அவற்றை வாசிக்கும் முறை என்னுடையது. ஒருத்திக்கு நர்ஸ் பரீட்சை, ஒருவனுக்குக் கப்பல் வேலை, ஒரு கல்யாணத்துக்கு மழை வரக் கூடாது. அடுத்த சீட்டை எடுத்தால் உன் எழுத்து. பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கிழவி பிலார் சகோதரி, "சத்தமா வாசிடீ, காதுல விழலே. என்ன, அதுவும் மழைக்குத்தானா?" என்கிறாள். மழைக்குத்தான் என்று நினைத்துத்தான் அம்மாவும் அதைப் பிரித்துப் பார்க்காமல் சுமந்து வந்திருக்கிறாள். வாசலில், "பொண்ணுக்கு ஏதோ விழாவாம், வானம் தெளிவா இருக்கணுமாம்" என்று சிரித்துக்கொண்டே கூடையை நீட்டினாளாம்.

பதினாறாம் தேதி ஆர்வின் போன நாள். அதை நான் மறப்பேன் என்று நினைத்தாயா?

ஓடிப்போய் உன் பழைய கடிதத்தை எடுத்தேன். தூக்கம் இல்லை. செருப்பு லைகாவுக்கு. நாய் பக்கத்து வீட்டுக்கு. மனசு லேசாக இருக்கிறதாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதே தாளில் உன் கையாலேயே எழுதியிருந்தது. நான் அன்று அதைப் படிக்கவில்லை, என் கோபத்தைத்தான் படித்தேன். அப்புறம் உன்னைக் கோபத்தோடு தனியாக விட்டுவிட்டேன்.

தாய்த்தலைவியின் காலில் விழுந்தேன். "எந்திரி. விதி மனுஷருக்காகத்தான். வெளிவேலைக்கான போனை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். அவரே உன்னைக் கூப்பிட்டார், நீ எடுக்கவில்லை. கடைப் போனில் அம்மா கிடைத்தாள், அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். "அம்மா, பொண்ணைத் தனியா விடாதீங்க. இப்பவே போங்க. ஏன்னு அப்புறம் கேளுங்க" என்று அவர் சொன்னதும் அந்தப் பக்கம் கரண்டி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. வெளிவேலை பார்க்கும் சகோதரி பெனிக்னா இந்தக் கடிதத்தோடு புறப்படுகிறாள். நீ படித்து முடிக்கும் வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நீ கோபித்தாலும் எழுந்து போகமாட்டாள், அவளுடைய பிடிவாதம் இந்த மடத்தில் பிரசித்தம்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே கேட்கிறேன், நேராகக் கேட்கிறேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா, ஜோவி?

என்ன பதில் சொன்னாலும் நான் பயந்து ஓடமாட்டேன். திட்டமாட்டேன். பாவம் புண்ணியம் பேசமாட்டேன். உண்மையை மட்டும் எழுது. நீ எனக்கு வேண்டும். அழகியாக வேண்டாம், பட்டமும் வேண்டாம், சண்டை போடுகிற, பொய் சொல்லுகிற, என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிற தங்கையாக வேண்டும். உன்னைப் பார்க்க வெளியே வர அனுமதி கேட்டிருக்கிறேன்.

அவசரமாகக் கிறுக்குகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெனிக்னாவைக் கேள்.

உன் அக்கா,
மைலீன்


சான் இசித்ரோ
9 மார்ச் 2024, மாலை

அக்கா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். சகோதரி பெனிக்னா அதை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எழுது. நான் எங்கேயும் போகலே" என்று மட்டும் சொன்னார்.

போனை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அம்மா மாவுக் கையோடு ஓடி வந்து கதவை இடித்தாள். நான் திறந்ததும் உள்ளே வந்தாள். தரையில் என்னோடு உட்கார்ந்து என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடியவளைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? மீன் விற்கிற நேனெங், அவள் பின்னால் இன்னும் நாலு பேர், வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

"என்னக்கா, கொதிக்கிற அண்டாவை விட்டுட்டு ஓடியாந்துட்டே? புள்ளைக்குக் காய்ச்சலா?"

அம்மா காய்ச்சல் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். அம்மா என் தலையிலிருந்து கையை எடுக்காமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"காய்ச்சல் இல்லே நேனெங். என் ஆர்வினை எந்தப் பேயும் அமுக்கலே. அவனாத்தான் போனான். நான்தான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இப்ப இவளும் போகப் பாக்குறா. இவளை நான் விடமாட்டேன். வேடிக்கை பாக்க வந்திருந்தா போங்க. உதவ வந்திருந்தா போய் அடுப்பை அணைங்க."

நேனெங் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அப்புறம்தான் அக்கா, நான் அழுதேன். ஆர்வின் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

மாமிதா வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். இப்போதே நகரத்து மருத்துவமனைக்குப் போகிறோம், மனநல மருத்துவரைப் பார்க்க. அம்மா ஒரு பக்கம், பெனிக்னா ஒரு பக்கம். அங்கேயே சில நாள் இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எண்ணம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போகவில்லை. பயமாக இருக்கிறது. பதினாறாம் தேதியை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. ஆனால் இப்போது நான் பயப்படுவது எல்லாருக்கும் தெரியும்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. இதைப் பெனிக்னாவிடம் கொடுக்கிறேன், மடத்துக்குத் திரும்பும்போது உன்னிடம் சேர்ப்பார்.

நீ பதில் எழுது, அக்கா. தவக்காலம் என்று சொல்லாதே. நாளைக்குப் படிக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

ஜோவி