என் பக்கத்து பிரேக்

புடவைத் தலைப்பில் பிரேக் ஆயில் வாடை அடிக்கிறது. காலையில் நம் பழைய காரின் சக்கரத்தடியில் விரலை விட்டு, கசிகிறதா என்று பார்த்து, அதில் துடைத்துக்கொண்டேன். பழைய பிசுக்குதான், புதுக் கசிவு இல்லை. ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். பெரியவன் மகன் இன்ஜினியர் ஆகிவிட்டான். சின்னவன் மகன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான். நம் பேத்தி நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். லைசென்சும் ஒரே தடவையில் எடுத்துவிட்டாள். உங்களுக்கு மூன்று தடவை ஆனது.

அவள்தான் இப்போது நம் வண்டியில் தவளக்குப்பம் போயிருக்கிறாள். ராவெல்லாம் மழை. பாகூர் ஏரித் தண்ணீர் வழிந்து ரோட்டின் மேல் ஓடுகிறது. தண்ணீரில் இறங்கி ஏறினால் நம் வண்டிக்கு பிரேக் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும்.

"மெக்கானிக் எல்லாத்தையும் மாத்திட்டாரு ஆயா. நீ இன்னா, கூட வந்து மிதிக்கப் போறியா?" என்றாள்.

"தண்ணி தாண்டினா பிரேக்க லேசா மிதிச்சிக்கினே போடி" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததோ இல்லையோ.

திருக்கனூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு நாம் திரும்பிய நாள் ஞாபகம் வருகிறது. அன்றும் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர். அதைத் தாண்டி வேகம் எடுத்தீர்கள். முன்னால் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி. நீங்கள் மிதித்தீர்கள், வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தீர்கள். நானும் என் பக்கத்துத் தரைத் தகரத்தை வலது காலால் மிதித்தேன். கரும்புத் தோகை முன்கண்ணாடியைத் தடவும் தூரத்தில் நின்றோம்.

"உன் பக்கம் இன்னாடி பிரேக்கு இருக்குது? தகரத்த ஓட்ட போட்டுடாத."

"ஒங்க பக்கம் மட்டும் இருக்குதாக்கும்?"

சிரித்தீர்கள். மாட்டுவண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வண்டியை எடுத்தீர்கள். அதற்கப்புறம் எந்தத் தண்ணீரைத் தாண்டினாலும், "ஈரம் காயட்டும்" என்று பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே ஊர்ந்து போவீர்கள்.

பெரியவனின் புதுக் கார் தொட்டால் நின்றுவிடுகிறது. அதிலும் என் கால் மிதிக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதோ, இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சிமெண்ட் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

போன் கூவியது. பேத்திதான், போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய, உங்கள் சிரிப்பு.

ஓடுகிற வண்டியும் போட்டோவில் நின்றமாதிரிதான் இருக்கும். அவளைக் கூப்பிட்டு, "இது வேணாம். கீழ எறங்கி, வண்டிக்கு முன்னாடி நின்னு, புதுசா ஒண்ணு எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டேன்.

அது வரும்வரை தரையிலிருந்து காலை எடுக்கமாட்டேன்.